தொண்ணூற்றைந்தே நூறு

நூறு ரூபாய் தக்காளிக்கு 95 ரூபாயை நீட்டிப் பாருங்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத சந்தைக்காரப் பாட்டி உங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துக் கணக்குச் சொல்லித் தருவாள். அரசுப் பதிவேட்டில் அவள் எழுத்தறிவும் எண்ணறிவும் இல்லாதவள். ஒன்றியக் கல்வி அமைச்சகத்தில் இருப்பவர்களோ மெத்தப் படித்தவர்கள். ஒரு மாநிலத்தில் 95 சதவீதம் பேருக்கு எழுத்தறிவு வந்துவிட்டால் அதை முழு எழுத்தறிவு என்றே கொள்ளலாம் என 2024இல் வரையறுத்துவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேர் என்ன ஆனார்கள் என்று கேட்காதீர்கள். எல்லாரும் கற்றுவிட்ட மாநிலத்தில் கைநாட்டாக இருப்பது அவர்கள் செய்த குற்றம்.

இந்தக் கணக்குப் புலிகள் போட்ட பட்ஜெட்டையும் பார்த்துவிடுவோம். 2022 முதல் 2027 வரை புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், செல்லப்பெயர் உல்லாஸ். இலக்கு 5 கோடிப் பேர், ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். வகுத்தால் தலைக்கு ஏறக்குறைய 208 ரூபாய். அகர வரிசை முதல் வாழ்க்கைத் திறன் வரை அத்தனையும் அதற்குள் முடிய வேண்டும். விழா மேடையில் போர்த்தும் சால்வைக்கே அது காணாது. எழுத்தறியாதவர்கள் சுமார் 18 கோடி என்பது அரசே சொன்ன கணக்கு. மீதிப் பதின்மூன்று கோடிப் பேர் அடுத்த திட்டத்துக்கு, அதாவது அடுத்த பெயருக்குக் காத்திருக்கலாம். 1978இல் ஒரு பெயர், 1988இல் ஒன்று, 2009இல் இன்னொன்று. பெயர் வைப்பதில் நமக்குச் சலிப்பே கிடையாது.

ஆசிரியர் யார்? தன்னார்வலர். சம்பளம்? சேவைக்கு ஏது சம்பளம்! பாடம்? செல்பேசிச் செயலியில் இருக்கிறது.

சரி, வகுப்புக்குள் போவோம். பகலெல்லாம் செங்கல் சூளையில் வெந்துவிட்டு வந்தவள், பிள்ளைகள் உட்காரும் குட்டிப் பெஞ்சில் காலை மடக்கி உட்காருகிறாள். நாலு பிள்ளை பெற்று வளர்த்தவளிடம் படத்தைக் காட்டி, ‘அம்மா சொல்லுங்க’ என்கிறோம். ஆடு மேய்த்தே கால் தேய்ந்தவளிடம், ‘இது என்ன?’ என்று ஆட்டைத் தொட்டுக் கேட்கிறோம். வெட்கமாக இல்லையா? அவளுக்குப் படிக்க வேண்டியது வேறு: குழுக்கடன் பாஸ்புக்கில் வட்டி எவ்வளவு, வேலை அட்டையில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது, தன் ரேகைக்கு மேலே பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது. அதைச் சொல்லித் தரமாட்டோம். மூன்றாம் நாள் அவள் வராவிட்டால், ‘கற்போருக்கு ஆர்வமில்லை’ என்று அறிக்கை எழுதுவோம். தேர்வு நாளில் மட்டும் வீடு தேடிப் போய்க் கெஞ்சி அழைத்து வருவோம். 150 மதிப்பெண், ஒரு குழுப் படம், ஒரு சான்றிதழ். அதில் தன் பெயர் பிழையாக அச்சாகியிருந்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை என்பது கூடுதல் வசதி.

முடியாத காரியமா இது? 1991இல் புதுக்கோட்டையில் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்கள் கையில் கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் கேலியை மிதித்துக்கொண்டு பெடலை மிதித்தார்கள். கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிக் குத்தகை போனது. தன் குவாரி, தன் கணக்கு, தன் காசு என்றானதும் ‘ஆர்வமில்லை’ என்ற அறிக்கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. வயது வந்தவர்களுக்குக் கல்வி ஏறும் வழி அதுதான். அந்த வழியை மறக்கவில்லை, மூடினார்கள். கணக்குப் படித்தவள் குத்தகைக்காரனையும் கேட்பாள், பிறகு மேடையில் இருப்பவனையும் கேட்பாளே!

பிரேசிலில் 1963இல் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு, அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களைக் கொண்டே நாற்பது மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தந்தார். எழுதத் தெரியாதவருக்கு அங்கே அன்று ஓட்டுரிமை இல்லை. ஆகவே ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஓட்டு. மறு ஆண்டு ஆட்சியைப் பிடித்த ராணுவம் அவரைச் சிறையில் போட்டது. பாவம், அந்தத் தளபதிகளுக்கு நிர்வாகம் தெரியவில்லை. வாத்தியாரை உள்ளே தள்ளி உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தார்கள். நம்மவர்கள் சம்பளத்தை மட்டும் நிறுத்தினார்கள், கையில் ஒரு செயலியைக் கொடுத்தார்கள், ஆட்டுப் படத்தைக் காட்டச் சொன்னார்கள். யாரையும் கைது செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை.