கை நீட்டினால் காற்றடிக்கிறார்கள்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் ஆசை. முதல் வார்த்தையை ரத்தப் பரிசோதனைக்காரர்கள் அடித்துவிட்டார்கள்.

இருமல் மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். இங்கே 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மருந்துக்கடையிலேயே பிரஷர் பார்க்கிறார்கள், இலவசமாக. இலவசம் என்றால் நம் குடும்பத்துக் கை சும்மா இருக்குமா? நீட்டினேன். 168/98. அங்கிருந்த பெண் "லவ்லி" என்றாள். இந்த ஊரில் எதைச் சொன்னாலும் லவ்லிதான், அதைக் கேட்டு ஏமாறக்கூடாது. சொன்ன கையோடு டாக்டருக்குத் தகவலும் அனுப்பிவிட்டாள்.

டாக்டரைக் கண்டாலே சிலருக்குப் பிரஷர் எகிறுமாம். அதனால் 24 மணி நேரமும் அளக்க ஒரு பெட்டியை இடுப்பில் கட்டி, ரப்பர் குழாயைச் சட்டைக்குள் விட்டு, மேல்கையில் பட்டையைச் சுற்றி அனுப்பினார்கள். பகலில் அரை மணிக்கு ஒரு தடவை காற்றடிக்கும். ராத்திரி மணிக்கு ஒரு தடவை. அடிக்கும்போது கையைத் தொங்கவிட்டு ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும்.

அன்றைக்குப் பார்த்து வெள்ளிக்கிழமை. சர்ச் ரோடு முருகன் கோயிலுக்குப் போனோம் (ஆமாம், சர்ச் ரோட்டில்தான் முருகன்). தீபாராதனை காட்டுகிற நேரம், பெட்டி 'உர்ர்ர்' என்றது. எல்லோரும் கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட, நான் மட்டும் அட்டென்ஷனில் நிற்கிறேன். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா, "தம்பிக்கு முருகனோட என்ன கோவம்?" என்று கேட்டே விட்டார். ராத்திரி அந்தப் பெட்டி உறுமிய ஒவ்வொரு தடவையும் என் பிரஷரை விட உன் தம்பி பெண்டாட்டியின் பிரஷர்தான் அதிகம் ஏறியிருக்கும்.

பகல் சராசரி 148/92. இப்படி அளக்கும்போது 135/85 வந்தாலே வியாதிக் கணக்குதான்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. இங்கே ரிசல்ட் டாக்டர் வாயால் வருவதற்கு முன்னாலேயே செல்போனுக்கு வந்துவிடுகிறது, அதுவும் ராத்திரி பத்து மணிக்கு. அளக்கிற அலகும் வேறு. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 44 என்று போட்டிருந்தது. குலை நடுங்கிவிட்டது. நம்மூர்க் கணக்கில் அது 6.2 தானாம், எல்லைக்கோட்டில் நிற்கிறேன். கொலஸ்ட்ரால் வெறும் 5.8 என்று பார்த்து மீசையை முறுக்கினேன். அது நம்மூர்க் கணக்கில் 224!

கடைசியில் பொட்டாசியம் 5.9, சிவப்புக் குறியோடு. கூகுளைக் கேட்டேன். கிட்னி என்றது, இதயம் என்றது, நான் உயில் எழுத ஏதாவது சொத்து இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை என்றதும் கொஞ்சம் நிம்மதி. காலையில் டாக்டரே கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். இரண்டாவது தடவை 4.4. குழாயில் போகிற வழியில் ரத்த அணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கிற பொட்டாசியம் கசிந்து இப்படி ஏற்றிக் காட்டுமாம். இதை அந்தச் சிவப்புக் குறிக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

இப்போது தினம் ஒரு அம்லோடிபின், 5 மில்லிகிராம். கணுக்கால் லேசாக வீங்குகிறது, டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கிலாந்தில் 60 வயதானால் மாத்திரை இலவசம். எனக்கு 57. சீக்கிரம் வயசாகவேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசைப்படுகிறேன்.

ஒரு நாளைக்கு உப்பு 6 கிராமுக்கு மேல் கூடாது என்கிறார்கள். நீ கொடுத்தனுப்பிய மோர்மிளகாயும் நார்த்தங்காயும் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. சாவி உன் தம்பி பெண்டாட்டியிடம்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021லிருந்து அங்கே வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். நம் தெருவுக்கு வருகிற பெண்ணை "எங்களுக்கு ஒண்ணுமில்லம்மா" என்று நீ வாசலோடு அனுப்பிவிடுவதாக அத்தான் போனில் சொன்னார். நம் அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த தடவை உட்காரவைத்து, நீயும் அத்தானும் பார்த்துக்கொள்ளுங்கள். காபியை அளந்த பிறகு குடியுங்கள். குடித்த சூட்டோடு அளந்தால் கூடுதலாகக் காட்டும்.

அன்புத் தம்பி