ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு...

கேள்வி: ஐரோப்பா டூர் போய் வந்த மச்சான், ‘ஒரே களைப்பு’ என்று இரண்டு நாளாகக் கட்டிலை விட்டு எழும்பவில்லை. விமானத்தில் சும்மா உட்கார்ந்துதானே வந்தார்?
- ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: மச்சான் நடிக்கவில்லை. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலையில் இருக்கும் அளவுதான். கொடைக்கானலே ஏறத்தாழ 7,000 அடி. ராத்திரி முழுக்க கொடைக்கானல் உயரத்தில், முட்டி மடக்கி, உட்கார்ந்தபடி தூங்கப் பார்த்திருக்கிறார். அதுவும் ஈரமே இல்லாத காற்றில். நடுவில் துபாயிலோ தோஹாவிலோ இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்துக் கிடந்திருப்பார்.

போதாக்குறைக்கு, பாரிஸ் கடிகாரம் நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் ஓடுகிறது. உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் சரிக்கட்டும். கிழக்கு நோக்கி வந்தால் இன்னும் சிரமம். நாலு நாள் பொறுங்கள். ஆனால் காலையில் எழுப்பி வெயிலில் நடக்க விடுங்கள். பகலில் நீளத் தூங்க விடாதீர்கள்.

கேள்வி: வந்த அன்றைக்கு அவருக்கு என்ன சமைத்துப் போடலாம்?
- அவர் மனைவி, அதே ஊர்

பதில்: சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல். மீன் குழம்பும் சொந்தக்காரர்களும் மறுநாள் வரலாம்.

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். இரண்டு காலும் வீங்கியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கோட்டாறு

பதில்: இரண்டு காலும் ஒன்றுபோல் வீங்கி, ஒன்றிரண்டு நாளில் வற்றிவிட்டால் பெரும்பாலும் நெடுநேரம் காலைத் தொங்கப்போட்டதால் வந்ததுதான் டீச்சர். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலி இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால், நரம்பில் ரத்தம் கட்டும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. அடுத்த முறை நடைபாதை ஓர சீட்டாகக் கேட்டு வாங்குங்கள். அடிக்கடி எழுந்து நடங்கள். பக்கத்து சீட்காரர் முனகினால் முனகட்டும்.

கேள்வி: நம்ம மாவட்டத்துக்காரன் வெளிநாட்டிலிருந்து வந்தால் கேரளாவில் இறங்கித்தான் வீட்டுக்கு வர வேண்டுமா?
- தக்கலை வாசகர்

பதில்: திருவனந்தபுரம் விமான நிலையம் அங்கேயேதான் இருக்கிறது. இடம் மாறியது நாம்! 1932-ல் அது தொடங்கியபோதும், 1935-ல் பம்பாயிலிருந்து டாடா விமானம் வந்து இறங்கியபோதும் தோவாளையும் விளவங்கோடும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். 1991-ல் அது சர்வதேச விமான நிலையமானது. மதுரை இருக்கிறதே என்பீர்கள். நாகர்கோவிலிலிருந்து அது மூன்று மடங்குக்கு மேல் தூரம்.

கேள்வி: ஊர்வலத்துக்காக அந்த விமான நிலையத்தை மூடுவார்களாமே, கதையா?
- பூதப்பாண்டி வாசகர்

பதில்: நிஜம். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டுக்கு எழுந்தருளும்போது, ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அரச குடும்பத்தின் தலைவர் வாளேந்தி முன்னே நடப்பார். அந்தச் சில மணி நேரம் ஒரு விமானமும் இறங்காது, ஏறாது. சாமிக்கு வழிவிட்டு ஜெட் விமானம் காத்திருக்கும் அந்த அழகுக்காகவே நான் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வேன். டிக்கெட் எடுக்கும் முன் திருவிழாத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்டி வந்து சேராவிட்டால்?
- குளச்சல் வாசகர்

பதில்: ‘நாளைக்கு வந்து கேட்கலாம்’ என்று வெளியே வந்துவிடாதீர்கள். அங்கேயே விமான நிறுவனத்தின் கவுண்டரில் புகார் எழுதி நகல் வாங்குங்கள். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 21 நாள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாகவே கருதி நஷ்டஈடு கேட்கலாம். இந்தியா 2009-ல் சேர்ந்த மாண்ட்ரியல் ஒப்பந்தம் தரும் உரிமை இது.

கேள்வி: தம்பி விடியற்காலை 3 மணிக்கு இறங்குகிறான். குடும்பத்தோடு வேன் பிடித்துப் போய் அழைத்து வரலாமா?
- மார்த்தாண்டம் வாசகர்

பதில்: ஆசை புரிகிறது. ஆனால் முதலில் ஒரு கேள்வி: டிரைவர் தூங்கினாரா? ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைப் பத்திரமாகக் கடந்து வந்தவனுக்குக் கடைசி 40 கிலோமீட்டர்தான் கண்டம். பின்னிரவு 2 மணி முதல் விடியும் வரை எவருக்கும் கண் சொருகும் நேரம். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று வளைவும் நெரிசலுமான சாலை. எதிரே பாரம் ஏற்றிய லாரிகள்.

பகலெல்லாம் வண்டி ஓட்டியவரை ராத்திரியும் கூப்பிடாதீர்கள். வந்து இறங்கிய தம்பியிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள். கண் திறந்திருந்தாலும் மூளை பாதித் தூக்கத்தில் இருக்கும். பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். டிரைவருக்குக் கண் சொருகினால் வண்டியை ஓரம் கட்டி அரைமணி தூங்கச் சொல்லுங்கள். சாயா மட்டும் போதாது. தோதான ஆள் கிடைக்காவிட்டால் விடியும் வரை விமான நிலையத்திலேயே இருந்துவிட்டு, திருவனந்தபுரம் சென்ட்ரலில் நாகர்கோவில் பக்கம் வரும் ரயிலைப் பிடித்துக் குழித்துறையில் இறங்கட்டும். குடும்பம் மொத்தமும் அங்கே போய் நில்லுங்கள்.