வில்லங்கம் இல்லாத வம்சம்

எங்கள் பெரியப்பா நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்தால், கையகல மனையானாலும் தாய்ப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் பேனா மூடியைத் திறக்க மாட்டார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். நாலு எல்லையும் பொருந்த வேண்டும். வாரிசுச் சான்றில் ஓர் எழுத்துப் பிசகினாலும் “போய்த் திருத்திக்கிட்டு வாப்பா” என்று திருப்பி அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஓய்வெடுத்துக்கொண்ட பிறகு ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட வம்சாவளியை, ஒரு துண்டுக் காகிதத்தின் தயவும் இல்லாமல், மூன்றே வாரத்தில் எழுதி முடித்தார். முதுமையில் மனிதர்களுக்கு இப்படி ஒரு விடுதலை கிடைப்பது பூர்வ புண்ணியம்.

குலதெய்வக் கோயில் குடமுழுக்குக்கு வந்த பங்காளிகள் அத்தனை பேரும் அதைத் தரிசித்தோம். பதினெட்டு அடி பிளக்ஸ். உச்சியில் கொடும்பாளூர் இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி. அடியில் கூப்பிய கையுடன் பெரியப்பா. விக்கிரமகேசரியின் முகம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. 2022இல் வந்த ‘பொன்னியின் செல்வன்’ படத்தில் பெரிய வேளார் வேஷம் கட்டிய நடிகர் பிரபுவின் முகம் அது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவரின் ஜாடையை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த பிளக்ஸ் கடைக்காரருக்கு இருநூறு ரூபாய் அதிகமாகக் கொடுத்ததில் தப்பே இல்லை.

மன்னருக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் ஏழு புள்ளிகள். ஒரு தலைமுறைக்கு முப்பது வருஷம் என்று வைத்தாலும் முப்பத்தைந்து தலைமுறையை அந்த ஏழு புள்ளிக்குள் அடக்கியிருந்தார். கடுகைத் துளைத்து ஏழ்கடலைப் புகட்டுவது என்று சொல்வார்களே, நேரில் பார்த்தது அன்றுதான்.

கொடும்பாளூர் எங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. விராலிமலைக்குப் பக்கத்தில், திருச்சி–மதுரை சாலையை ஒட்டிய ஊர். மூவர் கோயில் அங்கேதான். விக்கிரமகேசரி தன் பேரில் ஒன்றும், தேவியர் கற்றளி, வரகுணை இருவர் பேரில் இரண்டுமாக மூன்று விமானம் எடுத்தான். இரண்டு நிற்கின்றன, மூன்றாவதில் அடிமானம்தான் மிச்சம். நடுக்கோயில் சுவரில் கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில் ஒரு கல்வெட்டு. இருக்குவேள்களின் வம்சாவளி அதில்தான் இருக்கிறது. எங்கள் பெரியப்பா செய்ததைப் பல நூற்றாண்டுக்கு முன்பே கல்லில் செய்துவைத்த கல்வெட்டு. ஒரே ஒரு சங்கடம், அதன் தொடக்கம் போய்விட்டது. வம்சத்தின் முதல் ஆள் யார் என்று கேட்டால் கல் வாய் திறக்காது.

போதாக்குறைக்கு ஆராய்ச்சியாளர்கள். விக்கிரமகேசரி முதலாம் ஆதித்த சோழன் காலத்தவன் என்று ஒரு கட்சி. இல்லை, சுந்தர சோழன் காலத்தவன் என்று இன்னொரு கட்சி. ஆதித்தனுக்குச் சுந்தர சோழன் கொள்ளுப்பேரன். அதாவது, படித்தவர்களெல்லாம் சேர்ந்து கல்லையும் எழுத்தமைதியையும் அலசிவிட்டு, ஆள் கொள்ளுத்தாத்தா காலமா கொள்ளுப்பேரன் காலமா என்று தெரியாமல் விழிக்கிறார்கள். பெரியப்பாவுக்கு இந்தத் தடுமாற்றம் கிடையாது. அவர் ஆண்டே போடவில்லை. ஆண்டு போட்டால்தானே தப்பாகும்?

கல் உடைந்திருப்பதைப் பக்குவமாக அவரிடம் சொல்லிப் பார்த்தேன். “ஏன்டா, கல்லு உடைஞ்சுபோச்சுன்னா அதுல நம்ம பேரு இல்லன்னு அர்த்தமா?” என்று கேட்டார். யோசித்தால் நியாயம்தான். நாற்பது வருஷம் இல்லாத பத்திரத்தைக் காட்டி நிலம் கேட்டவர்களை விரட்டியடித்த அனுபவத்தில் அல்லவா இப்படியொரு கேள்வி பிறக்கும்!

இந்தக் கலையில் பெரியப்பா முதல் ஆளும் இல்லை. பல்லவர்கள் பிரம்மாவில் தொடங்கி அங்கிரஸ், பிருகஸ்பதி, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன் என்று மூச்சு விடாமல் இறங்கி வந்தவர்கள். திருவாலங்காட்டுச் செப்பேட்டைத் திறந்தால் சோழர் வம்சம் சூரியனிலிருந்து புறப்படும். கடல் கடந்தால், இங்கிலாந்து மன்னர்களுக்கு ட்ராய் நகரத்து வழியில் வந்த புரூட்டஸைக் கொள்ளுத்தாத்தா ஆக்கிக் கொடுத்தார்கள், 12ஆம் நூற்றாண்டில். நம் புதுக்கோட்டைத் தொண்டைமான்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1686இல் ரகுநாதராயத் தொண்டைமானுக்குப் புதுக்கோட்டைச் சீமை வந்ததற்கு, அவர் வாளும் காரணம், அவர் தங்கை காதலி நாச்சியாரைக் கிழவன் சேதுபதி மணந்துகொண்டதும் காரணம். மச்சான் தயவு என்று எழுதினால் நன்றாகவா இருக்கும்? அடுத்த நூற்றாண்டில் ஒரு கவி தெலுங்கில் வம்சாவளி பாடி, இந்திரனிலிருந்தே கொண்டுவந்து இறக்கிவிட்டார். காலின் மெக்கன்சி என்ற கம்பெனி சர்வேயர் பாளையக்காரர்களிடம் வம்சாவளி கேட்டுத் திரட்டினார். அவை இன்றும் சென்னைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. கம்பெனியார் பாளையங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்த சமயம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் யாருக்குத்தான் முன்னோர்கள் ஞாபகம் வராது? அவர்களோடு ஒப்பிட்டால் பெரியப்பா அடக்கமானவர். இந்திரன் வரை போகவில்லை. கொடும்பாளூரோடு இறங்கிக்கொண்டார்.

அவருக்கும் ஒரு காரணம் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கும் முன்மாதிரி உண்டு. பாரி மகளிரை அழைத்துக்கொண்டு இருங்கோவேளிடம் போன கபிலர், துவரையாண்டு நாற்பத்தொன்பது தலைமுறையாக வரும் வேள் நீ என்று அவன் குலத்தை எடுத்துப் பேசினார், புறநானூற்றில் இருக்கிறது. இவ்வளவு புகழ்ந்தும் அவன் பெண் எடுக்க மாட்டேன் என்றான். அடுத்த பாட்டில் கபிலர் அவன் முன்னோன் ஒருவன் புலவரை அவமதித்துக் கெட்ட கதையை எடுத்துவிட்டார். நாற்பத்தொன்பது தலைமுறைப் பெருமை ஒரு பாட்டோடு சரி. அண்ணனுக்குப் பார்க்கிற பெண்வீட்டார் “பையனுக்கு மாசம் எவ்வளவு கைக்கு வருது?” என்றுதான் இன்னமும் கேட்கிறார்கள். வரலாற்று உணர்ச்சி குன்றிய குடும்பம் போலிருக்கிறது.

பிளக்ஸில் ஒரே ஒரு பெண்பிள்ளை பெயர்கூடக் கிடையாது. ‘பெண்மக்கள் மூவர்’, ‘பெண்மக்கள் இருவர்’ என்று தொகை மட்டும் இருந்தது, பாத்திர பண்டக் கணக்கு மாதிரி. அத்தைகளின் பெயர்களை இப்படிச் சபையில் போட்டு உடைக்காமல் காத்த பெரியப்பாவின் நாகரிகம் அந்தக் காலத்தவருக்கு இல்லை. நார்த்தாமலைக்குப் போய்ப் பாருங்கள். பழியிலி ஈசுவரம் என்ற குடைவரையைச் சாத்தன் பழியிலி என்ற முத்தரையர் குடைந்தார். அவர் மகள் பழியிலி சிறிய நங்கை முகமண்டபம் எடுத்தாள் என்று, அவள் பெயரைக் கூச்சநாச்சமில்லாமல் கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டு, 9ஆம் நூற்றாண்டு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அவள் பெயரை யாரும் வந்து படிக்கலாம். எங்கள் வீட்டில் பூட்டியின் பெயர் யாருக்கும் தெரியாது, அவ்வளவு கட்டுக்கோப்பு.

பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு பழைய கிரயப் பத்திரம் இருக்கிறது. அவருடைய தாத்தா கிணற்றடிப் புஞ்சை வாங்கியது. மடிப்பெல்லாம் இற்றுப்போய், விரித்தால் நாலு துண்டாகிவிடும். சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கடைசிப் பக்கத்து அடியில் இடது கைப் பெருவிரல் ரேகை. மையை அதிகம் தொட்டுவிட்டார்கள் போல, ரேகைக்கோடு நடுவில் அப்பிக்கொண்டு, ஓரத்தில் மட்டும் நாலைந்து வரி தெரிகிறது. வெட்டிய கிணறு இன்னும் இருக்கிறது, போன வருஷம்கூடத் தண்ணீர் இருந்தது. எங்கள் வம்சத்தில் நிச்சயமாக வாழ்ந்தார் என்று சாட்சியோடு நிரூபிக்கக்கூடிய மிகப் பழைய ஆள் அந்த ரேகைக்காரர்தான்.

பிளக்ஸில் அவர் இல்லை. ஏழு புள்ளிகளில் கடைசிப் புள்ளி அவராக இருக்கலாம்.

ஏன் என்று கேட்டதற்குப் பெரியப்பா கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். “ராஜ வம்சத்துல கைநாட்டுன்னு போட்டா நாலு பேரு என்ன நெனைப்பான்?” என்றார். அப்புறம் அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. “ஒண்ணு பண்ணலாம்டா. ராஜாக்கள் கையெழுத்தா போட்டாங்க? முத்திரைதானே பதிச்சாங்க? இதுவும் முத்திரைதான்!” அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு மூளை வேப்பமரத்தடியிலேயே வீணானது நாட்டுக்கு நஷ்டம்.

கணக்கு வாத்தியார் ஒருவர் எங்கள் பங்காளி. அவர் வேண்டாத வேலையாக ஒரு கணக்குப் போட்டார். தாய் தகப்பன் இரண்டு, அவர்களுக்கு நாலு, பிறகு எட்டு என்று முப்பது தலைமுறை மேலே ஏறினால் முன்னோர்களுக்கான இடம் 107 கோடிக்கு மேல் வருகிறதாம். அன்றைக்கு உலகத்திலேயே அவ்வளவு ஜனம் கிடையாது. ஆகையால் ஒரே ஆள் பல இடத்தில் உட்கார வேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் உறவாகிவிடுவோம். விக்கிரமகேசரி நமக்குப் பாட்டனென்றால் பிளக்ஸ் கட்டிய பையனுக்கும் பாட்டன், அவனுக்குக் கம்பு பிடித்தவனுக்கும் பாட்டன் என்றார். பெரியப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. 107 கோடிப் பேரில் பார்த்துப் பார்த்து ஒரே ஒருவரைப் பொறுக்கி எடுத்த உழைப்பை இப்படியா கொச்சைப்படுத்துவது!

நிஜ ராஜ வம்சத்திலேயே கோடு இழுப்பது பேனா பிடித்தவர் கையில்தான் இருந்திருக்கிறது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்மணி மோலி ஃபிங்கை மணந்தார். மகனும் பிறந்தான். வெள்ளைக்காரச் சர்க்கார் அந்த மகனை வாரிசாக ஏற்கவில்லை; 1928இல் ஆறு வயது இராஜகோபாலத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்தார். இருபது வருஷம் கழித்து, 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானமே இந்தியாவோடு இணைந்துவிட்டது. பெற்ற மகனையே கோட்டுக்கு வெளியே நிறுத்த முடியுமானால், பெறாத மன்னனைக் கோட்டுக்குள் கொண்டுவருவதில் என்ன குற்றம்?

பிளக்ஸ் இப்போது பெரியப்பா வீட்டு ஆட்டுக்கொட்டகை மேல் கிடக்கிறது. நல்ல கனமான ரகம், ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவர் சும்மா இல்லை. அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கும் எழுதித் தரத் தொடங்கிவிட்டார். பத்திரத்துக்கு வாங்கிய அதே கூலிதான். உங்களுக்கும் தேவைப்பட்டால் தயங்காமல் வாருங்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கம் எதுவும் கொண்டுவர வேண்டாம். அதே கொடும்பாளூர்க் கல்வெட்டில் பரதுர்க்கமர்த்தனன் என்று ஒருவர் இருக்கிறார், வாதாபியை வென்றவர், அவரை இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.