கேட்டீகளா அண்ணாச்சி

வெம்பக்கோட்டை டீக்கடையில் ஒருவர் உங்களைக் கண்டதும் ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனைக் கழற்றினால், டீயை வேகமாகக் குடித்துவிட்டு இடத்தைக் காலி செய்யுங்கள். இரண்டு காதிலிருந்தும் கழற்றுகிறவர் நலம் விசாரித்துவிட்டு விட்டுவிடுவார். ஒரு காதை மட்டும் கழற்றுகிறவர், கழற்றியதை உங்கள் காதில் சொருகப் போகிறார் என்று அர்த்தம்.

"இந்த ஆல்பத்தைக் கேட்டீகளா அண்ணாச்சி?"

எந்தப் பதில் சொன்னாலும் தண்டனை ஒன்றுதான். கேட்கவில்லை என்றால் முதல் பாட்டிலிருந்து கேட்க வேண்டும். கேட்டிருக்கிறேன் என்றால், "எதுல கேட்டீக? போன் ஸ்பீக்கர்லயா? அப்ப நீங்க கேக்கவே இல்ல" என்று அதே முதல் பாட்டிலிருந்து ஆரம்பிப்பார்.

அவருக்கு ஊர் வைத்த பெயரும் அதுவேதான்: கேட்டீகளா அண்ணாச்சி. சாத்தூரில் ஒருவர், ஏழாயிரம்பண்ணையில் ஒருவர், சிவகாசியில் தெருவுக்கு ஒருவர் என்று இந்தப் பக்கம் அவர் பரவலாகக் கிடைப்பார். சொந்தப் பெயர் எழுதினால் எழுதப்படாதவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே எல்லோரையும் இந்த ஒரு பெயருக்குள் அடைத்துவிடுகிறேன்.

அண்ணாச்சிக்குப் பிழைப்பு பட்டாசுப் பெட்டிக்கு லேபில் ஆர்டர் பிடிப்பது. சிவகாசி அச்சகங்களுக்கும் வெம்பக்கோட்டைப் பக்கத்து பயர் ஆபீஸ்களுக்கும், அதாவது பட்டாசு ஆலைகளுக்கும், இடையே டூவீலரில் அலைவார். அந்தத் தொழில்புத்தி ரசனைக்குள்ளும் புகுந்துவிட்டது. எந்த ஆல்பமானாலும் முதலில் அட்டையைத்தான் பார்ப்பார். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973இல் வந்தது. கறுப்புப் பின்னணியில் ஒரு முப்பட்டகம். இந்தப் பக்கம் வெள்ளை ஒளி நுழைந்து அந்தப் பக்கம் வானவில்லாக வெளியேறும். உலகம் முழுக்க அதைச் சட்டையில் போட்டுக்கொண்டு திரிகிறது. அண்ணாச்சி அதைப் போனில் விரலால் பெரிதாக்கி என்னிடம் காட்டினார்.

"எண்ணிப் பாருங்க. ஆறு கலர்தான் இருக்கு. வானவில்லுக்கு ஏழு. கருநீலம் விட்டுப்போச்சு. நம்மூர்ல இப்படி அடிச்சுக் கொடுத்தா பார்ட்டி பில் பாஸ் பண்ணுவானா? கறுப்புக்கு அடியில கொஞ்சம் சயான் ஓட்டியிருந்தா இன்னும் கெட்டியா நின்னிருக்கும். மத்தபடி மியூசிக்ல ஒரு குறையும் சொல்ல முடியாது."

எண்ணிப் பார்த்தேன். ஆறுதான். ஐம்பது வருடமாக உலகம் பார்க்கிற அட்டையில் பிழை கண்டுபிடிக்க ஒரு லேபில்காரர் வேண்டியிருக்கிறது.

பயர் ஆபீஸ் கேட்டுக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. மருந்து புழங்கும் இடத்தில் பொறி கிளப்பக்கூடிய எதற்கும் அனுமதி இல்லை. வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். வேறு யாராவது என்றால் அந்த அரைமணி நேரம் சும்மா இருப்பார்கள். அண்ணாச்சி வாயாலேயே வாசித்துக் காட்டுவார். ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 1965இல் வந்த ஜாஸ் ஆல்பம், நான்கு பாகம். முதல் பாகத்தில் நாலே சுரத்தில் ஓர் அடிநாதம் திரும்பத் திரும்ப வரும். ஆர்டர் தொகைக்காகக் காத்திருந்தபோது அதை அவர் போர்மேனுக்கு எதிரில் நின்று தொண்டைக்குள்ளிருந்து எழுப்பிக் காட்டினார். போர்மேன் பதறிப்போய், "காலையில சாப்பிடலையா அண்ணாச்சி? யார்றா அங்க, ஒரு சோடா வாங்கிட்டு வா" என்றார். சோடாவை அண்ணாச்சி மறுக்கவில்லை. குடித்துவிட்டு இரண்டாம் பாகத்துக்குப் போனார்.

டீக்கடையில் அவருடைய நிரந்தர உருப்படி கீத் ஜாரெட் கதை. 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கோல்ன் நகரம், ஓபரா அரங்கம். ஜாரெட் கேட்ட பியானோ வரவில்லை. ஒத்திகைக்கு வைத்திருந்த, சுருதி கெட்ட, மேல் ஸ்தாயி கரகரக்கிற, பெடல் சரியாக வேலை செய்யாத ஒரு சின்னப் பியானோதான் மேடையில் இருந்தது. வாசிக்க மாட்டேன் என்று கிளம்பியவரை ஒரு பதின்வயதுப் பெண் கெஞ்சி நிறுத்தினாள். நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்ததே அவள்தான். கெட்டுப்போன கட்டைகளை ஒதுக்கிவிட்டு, உருப்படியாக இருந்த நடுக்கட்டைகளைச் சுற்றியே அன்று அவர் மனோதர்மமாக வாசித்தார். அந்தப் பதிவு தனிப் பியானோ ஆல்பங்களில் உலகத்திலேயே அதிகம் விற்றவற்றுள் ஒன்று.

இந்தக் கதையை அண்ணாச்சி சொல்லும்போது கண் கலங்கும். சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அந்த ஆல்பத்தின் முதல் பாகம் மட்டுமே 26 நிமிடம்; கதை அதைவிட நீளம். பாய்லருக்குப் பின்னாலிருந்து டீ மாஸ்டர் ஒருநாள் கேட்டார்: "அப்ப நல்ல பியானோ குடுத்திருந்தா இம்புட்டு வித்திருக்காதோ?" அண்ணாச்சிக்குப் பேச்சு வரவில்லை. பல வருடங்களாகச் சொல்லி வந்த கதையில் அப்படி ஒரு கேள்வி ஒளிந்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவருடைய பரம்பரையைச் சொல்லாவிட்டால் சித்திரம் பாதிதான். முதல் தலைமுறை கேட்டீகளா அண்ணாச்சி மைக்செட்காரர். கல்யாணமோ பொங்கலோ, வேப்பமரத்து உச்சியில் குழாயைக் கட்டிவிட்டு, அகுஜா ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் இசைத்தட்டுகளோடு உட்கார்ந்துவிடுவார். ஊருக்கு எதைப் பிடிக்க வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். யாரும் அவரிடம் போய் அடுத்த பாட்டுக்கு மாற்று என்று சொல்லிவிட முடியாது. 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் போட்டியிட்டு ஏறுமே, 1962இல் வந்த அந்தப் பாட்டை ஒரே முகூர்த்தத்தில் மூன்று தடவை போட்டவர்கள் இந்தப் பக்கம் உண்டு. காருகுறிச்சியார் பக்கத்துக் கோவில்பட்டியில் குடியிருந்தவர். ஆகவே அது விருப்பப் பாடல் ஆகாது, ஊர்க் கடமை.

வீட்டுக்குள் இலங்கை வானொலி அந்த வேலையைச் செய்தது. தென்மாவட்டங்களில் அது அடுத்த தெருவிலிருந்து வருவதுபோலத் தெளிவாக எடுக்கும். கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் அறிவிக்கிற அழகில் பாதிப் பாட்டைக் கேட்பதற்கு முன்பே பிடித்துப்போகும். நம் அண்ணாச்சி இன்றைக்கும் எந்த ஆல்பத்தையும் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் அறிமுகப்படுத்துவார். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பற்றி அவர் சொல்லும்போது, வவுனியாவிலிருந்து யாரோ அதை விரும்பிக் கேட்டதாகத் தோன்றும்.

அடுத்தது ரெக்கார்டிங் சென்டர் காலம். வெள்ளைத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போனால் அறுபது நிமிடக் கேசட்டிலோ தொண்ணூறிலோ பதிந்து தருவார்கள். அறுபதுக்குப் பன்னிரண்டு பாட்டு போல அடங்கும். கடைக்காரரும் ஒரு கேட்டீகளா அண்ணாச்சி என்றால் உங்கள் பாடு திண்டாட்டம். நீங்கள் எழுதிய பட்டியலில் நாலைந்து பாட்டை அடித்துவிட்டுத் தனக்குப் பிடித்ததைப் போட்டுவிடுவார். கேட்டால், "அது வேண்டாம் தம்பி, இதைக் கேட்டுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்பார். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜே.எஸ். பாக்குக்கும் சமர்ப்பணம், வி.எஸ். நரசிம்மனின் வயலின் நடுநாயகமாக நிற்கும். பாடகர் கிடையாது. அதை அப்படித் திணிக்கப்பட்டு வாங்கிப்போன ஒருவர் மறுநாள் திரும்பி வந்து, "மியூசிக் மட்டும் விழுந்திருக்கு, குரல் விழலை, திரும்பப் பதிஞ்சு தாங்க" என்று கேட்டதாக ஒரு கதை இங்கே ஓடுகிறது. இதே கதையை மதுரைக்காரர்களும் தங்கள் கதை என்பார்கள். நம்பாதீர்கள்.

சிவகாசியில் பிறந்த தியாகி விஸ்வநாத தாஸைச் சொல்லாமல் அண்ணாச்சி எந்த விவாதத்தையும் முடிக்க மாட்டார். தேசியப் பாட்டுப் பாடிச் சிறை போன நாடக நடிகர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தவர். "லண்டன்ல மட்டுமா லைவ் பெர்பார்மன்ஸ் இருக்கு?" என்பது அண்ணாச்சியின் வாதம். இதற்கு மட்டும் யாரும் எதிர்வாதம் செய்வதில்லை.

இரண்டு கேட்டீகளா அண்ணாச்சிகள் நேருக்கு நேர் சந்திப்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சாத்தூர்க்காரர் வயதில் இளையவர், ராப் கட்சி. மலேசியாவிலிருந்து 2006இல் வந்த யோகி பி - நட்சத்ராவின் 'வல்லவன்', 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் செய்த 'தெருக்குரல்' என்று அடுக்கினார். எங்களவர் காது கொடுக்கவே இல்லை. தன் முறை எப்போது வரும் என்று அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இளையவர் மூச்சுவிட நிறுத்திய இடத்தில் எம்.ஐ.ஏ.வை இறக்கினார். ஈழத் தமிழ் வழி வந்த லண்டன்காரி. முதல் ஆல்பம் 'அருளர்', 2005. இரண்டாவது 'கலா', 2007.

"ஒண்ணு அப்பா பேரு, ஒண்ணு அம்மா பேரு. நாம பயர் ஆபீஸுக்கு எப்படிப் பேர் வைக்கிறோமோ அப்படி வச்சிருக்கா தம்பி. குடும்பப் பாங்கான பிள்ளை."

அதன் பிறகு யார் முதலில் கண்டுபிடித்தது என்ற வழக்கு. வெம்பக்கோட்டை மேட்டுக்காட்டில் 2022இல் தொல்லியல் துறையினர் குழி தோண்ட ஆரம்பித்து, அடுக்கு அடுக்காக இறங்கிச் சங்கு வளையலும் மணியுமாக எடுத்தார்களே, அதே முறைதான். இவர் 2005 என்றால் அவர் 1991க்கு இறங்குவார். அவர் 1991 என்றால் இவர் 1976இல் போய் நிற்பார். இருவரும் மாறி மாறி இறங்கியதில், கடைசியில் இரண்டு பேரும் பிறப்பதற்கு முந்தைய அடுக்கில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே சண்டை ஓய்ந்தது. ஆளுக்கொரு பொட்டலம் காராச்சேவு வாங்கிக்கொண்டு பிரிந்தார்கள். பரிந்துரைத்ததில் ஒன்றையாவது ஒருவர் மற்றவரிடமிருந்து குறித்துக்கொண்டாரா என்று பார்த்தேன். ஊஹும்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். அண்ணாச்சிக்கு நீங்கள் பாட்டைக் கேட்பது முக்கியமில்லை. கேட்கும்போது உங்கள் முகம் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். ஆல்பம் ஓடும் நேரம் முழுக்க அவர் உங்கள் புருவத்தையே கண்காணிப்பார். நல்ல இடம் வருவதற்குச் சற்று முன்னால் விரலைத் தூக்கி எச்சரிப்பார். வந்ததும், "பாத்தீகளா!" என்று அவர் போடும் சத்தத்தில் அந்த நல்ல இடம் காதில் விழாமலேயே போய்விடும். அவர் சொன்ன ஆல்பங்கள் பலவற்றில் உச்சக்கட்டம் எப்படியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பதிலாக அண்ணாச்சியின் குரல்தான் எனக்கு நினைவில் நிற்கிறது.

இன்னொன்று. மாலி நாட்டு அலி ஃபார்க்கா தூரேயும் அமெரிக்க ரை கூடரும் சேர்ந்து 1994இல் வெளியிட்ட 'டாக்கிங் டிம்பக்டூ'வைப் பற்றி அவர் ஒருமணி நேரம் பேசுவார். இந்தக் கரிசல் பக்கம் தேவதுந்துபி அடித்துத் தேவராட்டம் ஆடுகிற விசேஷத்துக்குக் கூப்பிட்டால், "ரெக்கார்டிங் இருந்தா அனுப்புங்க" என்பார்.

அண்ணாச்சி வீட்டு மதினி நேர் எதிர். அதிகாலையில் ஆபீஸ் பஸ் ஏறுகிற பெண். தூக்குச்சட்டியும் கையுமாக ஓடுகிற அவருக்கு இயர்போன் மாட்ட நேரம் இல்லை. ஆடி மாதம் ஊரெங்கும் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் களைகட்டும். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடந்து போகிற கூட்டம் அதைக் கேட்டுக்கொண்டேதான் வைப்பாற்றங்கரையை அடையும். அந்தப் பாட்டுக் கேசட் ஒன்று மதினிக்கு முதல் பாட்டிலிருந்து கடைசிவரை வரிசை மாறாமல் மனப்பாடம். ஒரு பாட்டு முடிந்தால் அடுத்ததன் எடுப்பை வாய் தானாக எடுத்துவிடும். வீட்டில் இருந்த பழைய கேசட்டில் ஓரிடத்தில் டேப் இழுபட்டுக் குரல் வழுக்கும். அந்த வழுக்கலையும் சேர்த்தேதான் பாடுவார்.

ஒருநாள் அண்ணாச்சியைக் கேட்டேன். இத்தனை ஆல்பம் சொல்கிறீர்களே, இதில் எதையாவது வரிசை மாறாமல் இப்படிச் சொல்ல முடியுமா? அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார்.

"முழுசா கேட்டு முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துருதே தம்பி."

அடுப்படியிலிருந்து மதினியின் குரல் வந்தது: "மண்ணெண்ணெய் வாங்கிட்டு வரச் சொன்னதையும் அப்படித்தான் பாதியில விட்டீக."

என் தீர்ப்பு இதுதான்: வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஓர் ஆல்பத்தை ஆல்பமாகக் கேட்டவர் மதினி ஒருவரே. அண்ணாச்சி கேட்டதெல்லாம் முன்னோட்டம்.

உங்கள் ஊரிலும் இவர் ஒருவர் இருப்பார். விரட்டாதீர்கள், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஆர்டர் நெருக்கடியில் அவரே வரமாட்டார், மற்ற காலத்தில் அவர் இல்லாவிட்டால் டீக்கடையில் பேச்சு தங்கம் விலையோடு நின்றுவிடும். வழியில் மறித்தால் மட்டும் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "கேட்டேன் அண்ணாச்சி, அஞ்சாவதா ஒண்ணு வருமே, அதை ரெண்டு தடவை கேட்டேன்" என்று சொல்லுங்கள். எந்த ஆல்பத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும். 'எ லவ் சுப்ரீம்' பற்றிச் சொல்லிவிடாதீர்கள், அதில் நாலுதான்.