சுவருக்கும் ஸ்தோத்திரம்

தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் சாதி இருக்கிறது என்று குறை சொல்பவர்களுக்குக் கட்டடக் கலை தெரியாது. ஞாயிறுதோறும் ஒரே திருச்சபையை விசுவசிப்பதாகச் சொல்வது வாயின் வேலை. பிரிப்பது கொத்தனாரின் வேலை. இரண்டையும் குழப்புவானேன்?

வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலைப் பாருங்கள். பீடம் ஒன்று, கூடம் மட்டும் காற்சட்டை போல இரண்டாகப் பிரியும். சாதிக்கொரு கால். பூசை ஒன்றென்பதால் வேதம் பிழைத்தது, தோள் உரசாததால் கௌரவமும் பிழைத்தது. அந்த அருமையான தடுப்பை 1910இல் இடித்துவிட்டார்கள். அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களல்லவா கலாரசிகர்கள்!

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவரில் தொலைநோக்கும் சேர்ந்திருக்கிறது. செத்தவர்கள் ராத்திரியில் புரண்டு படுத்துத் தீட்டாகிவிட்டால் யார் பொறுப்பு? கடைசி நாளில் எக்காளத்தையும் பக்கத்துக்கு ஒருமுறை ஊதிவிட்டால் உயிர்த்தெழுதல் நெரிசலின்றி நடக்கும்.

கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்ற போதனையை நம்ப ஆளே இல்லையா? இருக்கிறது. தாசில்தார் அலுவலகம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, ஞானஸ்நானம் பெற்ற தலித்துக்கு அங்கே பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. இத்தனை உறுதியான விசுவாசம் எந்தப் பங்கிலும் இல்லை. தாசில்தாரை ஒருநாள் பிரசங்கத்துக்கு அழைக்கலாம்தான். அவர் என்ன ஆள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.