கத்தும் ஃபேனும் காத்திருக்கும் கொசுவும்

கேள்வி: குளியலறைக் கூரையில் பழைய எக்ஸாஸ்ட் ஃபேன். காற்றை வெளியே தள்ளுவதில்லை, சத்தத்தை மட்டும் உள்ளே தள்ளுகிறது. நானே கழற்றலாமா?
– வாசகர், லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: கொல்கத்தாவுக்கு மின்சாரம் புதுசு இல்லை. இமாம்பாக் சந்தில் மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1899-ல். சங்கடம் என்னவென்றால், சில வீடுகளின் ஒயரிங்கும் தாத்தா காலத்தது.

சுவிட்சை அணைத்தால் போதும் என்று நம்பக்கூடாது. பழைய வீடுகளில் சுவிட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கலாம். ஃபேன் நிற்கும், 230 வோல்ட் அங்கேயே உட்கார்ந்திருக்கும். டெஸ்டர் எரிகிறதா என்று வேறொரு பிளக்கில் பார்த்துவிட்டு, மெயினை அணைத்து, ஃபேனின் ஒவ்வொரு ஒயரையும் டெஸ்டரால் சோதிப்பதே முறை. 'மெயின் ஆஃப் பண்ணியாச்சு' என்று ஹாலிலிருந்து குரல் கொடுக்கும் மைத்துனர் டெஸ்டருக்கு ஈடல்ல.

ஒயரின் உறை தொட்டதும் உதிர்கிறதா? மிஸ்திரியைக் கூப்பிடுவதே சரி.

ஈரத்தில் துருவேறிய ஸ்க்ரூக்களுக்கு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். கடைசி ஸ்க்ரூவைத் திருகும்போது இன்னொருவர் தாங்கிப் பிடிக்கட்டும். உள்ளே இருப்பது கனமான மோட்டார்.

கழற்றிய ஓட்டையை அன்றே வலையால் மூடவும். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதை 1898-ல் பறவைகளை வைத்து ரொனால்ட் ராஸ் காட்டியது இதே ஊரில்தான். கொசுக்கள் விலாசத்தை இன்னும் மறக்கவில்லை.

புது ஃபேன் வாங்க எஸ்ரா தெருவுக்குப் போகுமுன் ஓட்டையின் விட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.