வெள்ளி கறுத்த கதை

1800-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் வெயிலைப் பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில்தான் சூடு அதிகம்.

செய்தி ஜெர்மனியின் யேனா நகரை எட்டியது. அங்கே யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் என்றொரு இருபத்துநாலு வயது இளைஞர், மருந்துக் கடையில் தொழில் பழகியவர். சிவப்புப் பக்கம் ஒன்று ஒளிந்திருந்தால் ஊதாப் பக்கமும் ஒன்று ஒளிந்தே ஆகவேண்டும் என்றார். ஆதாரம்? பெரியவளுக்குப் போட்ட நகையைச் சின்னவளுக்கும் போட வேண்டும் என்கிற சம்பந்தி வீட்டு நியாயம்தான். ஆனால் பலித்துவிட்டது! 1801 பிப்ரவரியில், வெளிச்சம் பட்டால் கறுக்கும் வெள்ளிக் குளோரைடை ஊதாவுக்கு அப்பால் இருட்டில் வைத்தார். அங்கேதான் அது மிக வேகமாகக் கறுத்தது. உலகின் முதல் புறஊதா உணரி தயார்.

வெற்றி தலைக்கேறியதா தெரியாது. மின்சாரம் நிச்சயமாக ஏறியது. அன்றைய மின்கலமான வோல்ட்டா அடுக்கின் கம்பிகளை நாக்கு, கண், மூக்கு என்று வைத்துப் பார்த்தார். எழுதக் கூச்சமான இடங்களையும் விடவில்லை. பிறகு, பூமிக்கடியில் தண்ணீர் பார்ப்பதாகச் சொன்ன காம்பெட்டி என்ற இத்தாலியக் குடியானவரை மியூனிக்குக்கு அழைத்துவந்து ஆராய்ந்தார். இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. 1810-ல் கடனோடும் நோயோடும் இறந்தபோது வயது 33.

அவர் பார்த்த கறுப்பு என்ன தெரியுமா? குளோரினை உதறிவிட்டுத் தனித்து நின்ற பொடிப்பொடி வெள்ளித் துகள்கள். நானோ என்ற பேச்சே இல்லாத காலத்தில், அவரது உணரி தன் உலோகத் துகளைத் தானே செய்துகொண்டது. ஒரே குறை, ஒரு தடவைக்கு மேல் உதவாது.

இன்றைய உணரிகளில் அடிக்கடி அடிபடும் பொருள் துத்தநாக ஆக்சைடு. புறஊதா பட்டால் எலக்ட்ரான்கள் கிளம்பி மின்னோட்டம் ஓடும். நல்ல பிள்ளை, ஆனால் சோம்பேறி: விளக்கை அணைத்த பிறகும் மின்னோட்டம் அடங்க நிமிடக்கணக்கில் ஆகலாம். அதற்கு வைத்தியம்தான் மேலே தூவும் உலோக நானோ துகள்கள். ஒளி பட்டதும் துகளுக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒட்டுமொத்தமாக ஆடுகின்றன. ஒளியின் வீச்சு அந்த இடத்தில் குவிகிறது. சில சேர்க்கைகளில் இருட்டில் கசியும் மின்னோட்டமும் குறையும்.

எந்த உலோகம்? தங்கம் என்றுதான் முதலில் கை நீளும். பாவம், தங்கத் துகளின் ஆட்டம் 520 நானோமீட்டரில், பச்சை ஒளியில்; புறஊதாவுக்கு வெகுதூரம். வெள்ளி 400 பக்கம், ஊதாவின் வாசற்படி வரைக்கும் வரும். புறஊதாவுக்கு உள்ளேயே போய் ஆடக்கூடியது, நகைக்கடைக்காரர் ஏறிட்டும் பார்க்காத அலுமினியம். அதற்குக் காவலும் வேண்டாம். காற்றுப் பட்டதும் சில நானோமீட்டர் தடிப்பில் ஆக்சைடு போர்வையைத் தானே போர்த்திக்கொண்டு, அதற்கு மேல் கெடாமல் இருக்கும். வெள்ளியோ காற்றில் கொஞ்சம் கந்தகம் கலந்திருந்தால் போதும், புறஊதாவே இல்லாமலும் கறுத்துவிடும்.